போலியோ வந்தவரின் கால் மீண்டும் தளர்ந்தால்...

எனது ராத்தாவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. வலது கால் சூம்பிப் போனாலும் அவர் முடங்கிக் கிடக்கவில்லை. கெந்திக் கெந்தி நடந்தே ஓதப் போனார், பாடசாலைக்குப் போனார், ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தார். அறுபது வயதைத் தாண்டியபோது, நல்ல கால் என்று நாம் நினைத்திருந்த இடது காலும் தளரத் தொடங்கியது. ஸுஜூதிலிருந்து எழும்ப முடியவில்லை. வுழூ எடுத்து வருவதற்குள் களைத்துவிடுவார். "வயசு போனா இப்படித்தான்" என்று வீட்டில் சொன்னோம். காட்டிய வைத்தியரும் அதையே சொன்னார். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் வீணாகிவிட்டது.

இலங்கையில் 1962ஆம் ஆண்டு போலியோ பெருமளவில் பரவியது. சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1993க்குப் பிறகு இங்கு எவருக்கும் அந்நோய் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய வெற்றி. ஆனால் அன்று பாதிக்கப்பட்ட குழந்தைகள் இன்று முதியவர்களாக நம் வீடுகளில் இருக்கின்றார்கள். இளம் வைத்தியர்கள் பலர் போலியோ நோயாளி ஒருவரைக் கண்டதே இல்லை. எனவே, பழைய கதையை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

போலியோ வைரஸ் தசைகளை இயக்கும் நரம்புக் கலங்களை அழிக்கின்றது. தப்பிய கலங்கள் புதிய கிளைகளை விட்டு, அநாதையான தசை நார்களையும் சேர்த்து இயக்குகின்றன. பல வருடங்கள் இந்த மேலதிகச் சுமையைத் தாங்கிய கலங்கள் பின்னர் தளர்ந்து போவதே புதிய பலவீனத்துக்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது. இதனைப் 'போஸ்ட் போலியோ சின்ட்ரோம்' என்பார்கள். வைரஸ் திரும்பி வந்துவிட்டது என்பது இதன் பொருளல்ல. இது பிறருக்குத் தொற்றவும் மாட்டாது. அன்று பாதிக்கப்படாதது போலத் தெரிந்த தசையிலும் இது வரலாம்.

இதை உறுதிப்படுத்தத் தனியான இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஈ.எம்.ஜி. எனும் தசை மின் பரிசோதனையும் பழைய பாதிப்பைத்தான் காட்டும். வைத்தியர்கள் நான்கு விடயங்களைப் பார்க்கின்றார்கள். முன்பு உண்மையில் போலியோ வாதம் வந்திருக்க வேண்டும். அதிலிருந்து ஓரளவு தேறி, பொதுவாக 15 வருடங்களுக்குக் குறையாமல் ஒரே நிலையில் இருந்திருக்க வேண்டும். புதிய பலவீனமோ களைப்போ ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும். வேறு நோய்கள் காரணமில்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

இந்த நான்காவதுதான் மிக முக்கியமானது. ஒரு வருடம் நீடிக்க வேண்டும் என்பதற்காக வைத்தியரிடம் போக ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது. தைரொயிட் குறைபாடு, இரத்தச்சோகை, விட்டமின் குறைபாடு, நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு, முள்ளந்தண்டில் நரம்பு நசிதல், கொலஸ்ட்ரோலுக்கு எடுக்கும் சில மாத்திரைகள் என்பனவும் இதே அறிகுறிகளைத் தரலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. என் ராத்தாவுக்கும் தைரொயிட் குறைபாடு இருந்தது பிறகுதான் தெரிந்தது. மருந்து எடுத்ததும் களைப்பு வெகுவாகக் குறைந்தது. கால் பலவீனம் மாத்திரம் மாறவில்லை. அதன் பின்னரே நரம்பியல் நிபுணர் அது போலியோவின் பின்விளைவு என்றார்.

கிளினிக் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வயதில் போலியோ வந்தது, எந்தக் கை கால் பாதிக்கப்பட்டது, முன்பு செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை, அது எப்போதிருந்து, என்னென்ன மருந்து எடுக்கின்றார். சில நாட்களுக்குள் வேகமாகப் பலவீனம் கூடினாலோ, மூச்சுவிட அல்லது விழுங்கச் சிரமப்பட்டாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் போலியோ வந்ததைச் சொல்ல வேண்டும்.

இதை முற்றாகக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனால் இடையிடையே ஓய்வு, களைப்பேற்றாத பயிற்சி, பொருத்தமான ஊன்றுகோல் என்பன விழாமல் நடமாட உதவும். "நல்லா நடந்தாத்தான் கால் பலமாகும்" என்று அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

ராத்தா இப்போது கதிரையில் அமர்ந்து தொழுகின்றார். ஆரம்பத்தில் அதற்கு வெட்கப்பட்டார். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகையில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வயசு போனதென்று சொல்லி அவரை ஒரு வருடம் கஷ்டப்படுத்திய நாங்கள்தான் வெட்கப்பட வேண்டும்.