ஊர் பல, காவல் ஒன்று

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குவோமாயின், பல ஊர்கள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதைக் காணலாம். வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கம் திகழ்கின்றது. தென்கிழக்கே இரயில்வே பணிமனையால் புகழ்பெற்ற பொன்மலை உள்ளது. தெற்கே, மதுரைச் சாலையை ஒட்டி, எடமலைப்பட்டி புதூர் அமைந்துள்ளது. இவ்வூர்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தனித்தனிக் கோயில்களும் கடைவீதிகளும் உண்டு. ஆயினும், களவாடியவன் ஊரெல்லையோடு நின்றுவிடுவதில்லை. தீயைப் பரப்பும் காற்று எல்லைக்கல்லைப் பார்த்து வீசுவதும் இல்லை. அவ்வாறாயின், இவ்வூர்களைக் காப்பவர் யாவர்?

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866ஆம் ஆண்டில் தோன்றியது. நெடுங்காலம் திருவரங்கமும் பொன்மலையும் தனி நகராட்சிகளாகவே விளங்கின. தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு முதலியவற்றை அவை தத்தம் வரிப்பணத்தைக் கொண்டு நடத்தின. 1994ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தினால் இம்மூன்றும் இணைந்து ஒரு மாநகராட்சி ஆயின.

ஆனால், காவல் துறையும் தீயணைப்புத் துறையும் இவ்விணைப்பிற்கு முன்பே பொதுவாக இருந்தன. நம் அரசியலமைப்பின்படி காவல், மாநில அரசின் பொறுப்பு ஆகும். தீயணைப்புப் பணியை நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை கூறுகின்றது. மும்பை மாநகராட்சி தனக்கெனத் தீயணைப்புப் படையை வைத்துள்ளது. தமிழ்நாட்டிலோ அப்பணியையும் மாநில அரசே நடத்துகின்றது.

பிற நாடுகளில் முறை வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிறு நகரங்கள் பல தமக்கெனக் காவலரையும் தீயணைப்பாளரையும் அமர்த்திக்கொள்கின்றன. அச்செலவு சிறிய ஊருக்குப் பெருஞ்சுமையாகும். எனவே, கலிபோர்னியாவில் 1954ஆம் ஆண்டு நகராட்சி நிலை பெற்ற லேக்வுட் என்னும் ஊர், தனிப்படை அமைக்காமல், லாஸ் ஏஞ்சலஸ் வட்டார ஆட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டு காவலைப் பெற்றது. பின்னர் வேறு பல சிற்றூர்களும் அதனைப் பின்பற்றின. அவர்கள் உடன்படிக்கையால் பெற்றதை நாம் பொதுத் துறையால் பெறுகின்றோம்.

இம்முறை நம்மூரில் எவ்வாறு இயங்குகின்றது? திருவரங்கம், பொன்மலை, எடமலைப்பட்டி புதூர் ஆகிய இடங்களின் காவல் நிலையங்கள் மாநகரக் காவல் ஆணையர் ஒருவரின் கீழ்ப் பணியாற்றுகின்றன. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கத்தில் மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அப்போது பிற நிலையங்களின் காவலரும் ஆங்குச் சென்று துணைநிற்பர். தீ விபத்து நேரின், 101 அல்லது 112 என்னும் எண்ணுக்கு அழைப்புச் செல்லும். அண்மையிலுள்ள நிலையத்தின் வண்டி விரையும். அஃது ஒன்றால் தீ அடங்காவிடின், அடுத்த ஊர்களின் வண்டிகளும் வரவழைக்கப்படும். காவலர் வழியை ஒழுங்குசெய்வர். மின்வாரியத்தார் மின்னோட்டத்தை நிறுத்துவர். இவ்வாறு பல கைகள் ஒரு வேலையில் இணைகின்றன.

எனினும், துறைகளால் மட்டும் உயிர்களைக் காத்துவிட இயலாது. 2004ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மேல்தளத்திலிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பற்றியது. இறங்கும் வழி குறுகியதாக இருந்தமையால் மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கீற்று நொடியில் எரியக்கூடியது. தீயணைப்பு வண்டி எத்துணை விரைந்து வரினும் சில நிமிடங்கள் கழியும். அந்நிமிடங்களில் உயிரைக் காப்பது அகன்ற வழியும் முன்னெச்சரிக்கையுமே ஆகும்.

ஆகவே, பொதுக்காவலில் நமக்கும் பங்கு உண்டு. வண்டி நுழையும் தெருவை அடைத்துப் பந்தலிடுதல் ஆகாது. மாடிப்படிகளில் பொருள்களைக் குவித்தல் ஆகாது. விளையாட்டாக அவசர எண்ணை அழைத்தலும் ஆகாது. அவ்வழைப்பினால் வண்டி ஒன்று வீணே செல்லுமாயின், அந்நேரத்தில் வேறோர் ஊரில் ஒரு வீடு உதவியின்றி எரியக்கூடும். பொதுவான காவல் என்பது பிறருக்கு உரிய காவலும் ஆகும். இதனை உணர்ந்து நடப்பதே நல்ல குடிமக்களின் கடமையாகும்.