றொசல்லயில் இணையம் இருக்கிறதா?

எங்கே நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே றொசல்ல போன்ற தோட்டப் பக்கங்களில், பிரதான பாதையில் ஓடுகிற வீடியோ, மலை மடிப்புக்குள் இறங்கியதும் நின்றுவிடும். தகரக் கூரை போட்ட லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், இன்னும் மோசம். ஜன்னல் கம்பியில் கைபேசியைச் செருகி, ஹொட்ஸ்பொட் போட்டு, உள்ளே பிள்ளை படிக்கும்.

இந்த வித்தியாசம் அரசாங்கக் கணக்கில் எங்கே தெரிகிறது? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் புள்ளிவிபரத்தில் முதலில் கண்ணில் படுவது நாடு முழுவதற்குமான கூட்டுத்தொகை. கைபேசி இணைப்புகள் மக்கள் தொகையையே தாண்டி நிற்கின்றன. ஒருவரிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டு இணைப்பு, அவ்வளவுதான். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களமோ கணினி அறிவை அளக்கும்போது நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று பிரித்தே சொல்கிறது. பின்தங்கி நிற்பது தோட்டம்தான் என்பதும் அதனால்தான் தெரிகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் அதே பிரிப்பைக் கேட்டால் என்ன?

சேவை எங்கே எட்டுகிறது என்ற இந்தத் தகராறு அமெரிக்காவில் பல வருடம் நடந்தது. ஒரு சிறு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க முடிந்தாலும், வட்டாரம் முழுவதற்கும் சேவை உண்டு என்று அப்போது நிறுவனங்கள் எழுதிக் கொடுக்க முடிந்தது. இதை மாற்ற 2020-இல் சட்டம் வந்து, 2022 நவம்பரில் வீடு வீடாகக் காட்டும் வரைபடம் வெளியானது. பிழை என்றால் பொதுமக்களே ஆட்சேபிக்கலாம். இந்தியாவிலும் 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கொண்டுவந்த விதிகளின்படி, சேவை எட்டும் இடங்களின் வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்தில் போட வேண்டும்.

நம் 1991-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024-இல் திருத்தப்பட்டது. அடுத்த வருடம் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் வந்தது. பேச்செல்லாம் செய்மதி பற்றித்தான். தோட்டத்துக்கு அதைவிட அவசரம், சேவை எங்கே எட்டுகிறது என்று நிறுவனங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒரு படிவம்.

வீடு வீடாகக் கேட்பதிலும் இங்கே ஒரு சிக்கல். பல லயங்களுக்குத் தனி முகவரியே கிடையாது, கடிதம் தோட்ட ஒபிஸுக்குத்தான் வரும். கிராம சேவையாளர் பிரிவாகக் கேட்டாலோ, பஜார் டவரின் புண்ணியத்தில் பிரிவு முழுவதும் வரைபடத்தில் பச்சையாகிவிடும். ஆகவே தோட்டம், டிவிஷன், லயம் என்றுதான் அந்தப் படிவம் கேட்க வேண்டும். ஆட்சேபிக்கும் வழி தமிழிலும் இருக்க வேண்டும். வேகத்தை அளப்பது, வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, இரவு ஏழு மணிக்கு, லயத்தின் உள்ளறையில் நடக்கட்டும். பகலில் பாதையோரம் ஜீப்பை நிறுத்தி எடுக்கிற வேகம் ஜீப்பில் இருப்பவருக்கு மட்டுமே உரியது.