நர்சிங் படிப்புக்குக் கல்விக் கடன்: அனுமதி ஒரு நாள், பணம் நான்கு ஆண்டு

களக்காடு பஜாரில் மளிகை, ஜவுளி, உரக்கடை, வாழைத்தார் கமிஷன் மண்டி என எந்தத் தொழிலில் இருப்பவர் வீட்டிலும், பிளஸ் 2 முடித்த பெண் இருந்தால் நர்சிங் பேச்சு வராமல் இருப்பதில்லை. பி.எஸ்.சி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. பாளையங்கோட்டை, நாகர்கோவில், மதுரை, கோவை என்று கல்லூரிகளுக்கும் குறைவில்லை. "பேங்க் லோன் இருக்கிறதே" என்ற தைரியத்தில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் கடன் அனுமதியாவது வேறு, பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது வேறு. இடைப்பட்ட நாட்களில் கரைவது கடை முதல்தான். ஆகவே இந்த விவரங்களை வணிகப் பெருமக்கள் சேர்க்கைக்கு முன்பே அறிந்திருப்பது நல்லது.

இந்திய வங்கிகள் சங்கம் 2001-ல் வகுத்து, பிறகு பலமுறை திருத்திய மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைத்தான் வங்கிகள் பின்பற்றுகின்றன. இதன்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கிடையாது. நம் பங்குத் தொகையும் போட வேண்டாம். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்பு என்றால் 5 சதவீதம் நாம் போட வேண்டும். 2015-ல் வந்த கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் 7½ லட்சம் வரை சொத்தோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் வங்கி கடன் தர வழி இருக்கிறது. "உங்கள் வீடு எங்கள் கிளையின் சேவைப் பகுதியில் இல்லை" என்று காரணம் காட்டி மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

ஜாமீன் இல்லை என்றதும் நமக்குப் பொறுப்பு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பெண்ணோடு தந்தையோ தாயோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டாக வேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்குவதற்கு முன் வங்கி உங்கள் சிபில் அறிக்கையைப் பார்க்கிறது. கடையின் ஓ.டி. கணக்கு வரம்பு தாண்டி நிற்கிறதா, லோடு ஆட்டோவுக்கு வாங்கிய தவணை தவறியதா, எல்லாம் அதில் தெரியும். நாளைக்கு இந்தக் கடன் நிலுவையானால், அதுவும் உங்கள் பெயரில் ஏறும். கேஷ் கிரெடிட் புதுப்பிக்கப் போகும்போது மேனேஜர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது கல்லூரி. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், இந்திய நர்சிங் கவுன்சில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் அந்தக் கல்லூரியின் நிலை என்ன என்பதை அட்வான்ஸ் கட்டும் முன்பே விசாரியுங்கள். வெளிமாநிலக் கல்லூரி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். புரோக்கர் காட்டும் வண்ணப் புத்தகம் வங்கியில் செல்லாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு, கல்லூரி கேட்கும் தொகை முழுவதையும் வங்கி கணக்கில் கொள்ளாது. அரசு அல்லது கட்டணக் குழு அனுமதித்த கட்டணத்தையே பார்க்கும். நன்கொடைக்குக் கடனே கிடையாது. ரசீது இல்லாமல் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

பணம் வரும் விதம்

அனுமதிக் கடிதத்தில் 4 லட்சம் என்று இருந்தாலும், 4 லட்சம் ஒரே நாளில் வராது. ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய கட்டணம் அந்தந்த ஆண்டு, நேராகக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்குப் போகும். கல்லூரி விடுதி என்றால் விடுதிக் கட்டணமும் அப்படியே. சீருடை, புத்தகம், கருவிகள் போன்ற செலவுகளுக்கு ரசீது காட்ட வேண்டும். இவை மொத்தப் படிப்புக் கட்டணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. திரும்பத் தரப்படும் காப்புத் தொகைக்கு 10 சதவீதம் வரை.

முதல் ஆண்டு சிரமம் ஒரு மாதிரி, இரண்டாம் ஆண்டுச் சிரமம் வேறு மாதிரி. அடுத்த தவணையை விடுவிக்க வங்கி மதிப்பெண் பட்டியலும், படித்துக்கொண்டிருப்பதற்கான கல்லூரிச் சான்றும், கட்டண விவரமும் கேட்கும். தேர்வு முடிவு வரத் தாமதமாகும். கல்லூரியோ கெடு வைத்துக் கட்டணம் கேட்கும். ஓணத்துக்கு ஏத்தன் தார் கொள்முதல் செய்ய வைத்த பணமோ, தீபாவளி ஜவுளிக்கு ஒதுக்கிய பணமோ அப்போது கல்லூரிக்குப் போய்விடுகிறது. கட்டியபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெற சில வங்கிகள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. இதை முதல் ஆண்டிலேயே மேனேஜரிடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கெடு வரும் முன் கல்லூரி முதல்வரிடம் கட்டண விவரக் கடிதத்தை வாங்கி வங்கியில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வட்டிக் கணக்கு

படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி நிற்காது. தனி வட்டியாக ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 ஆண்டு எடுத்து, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதுக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000 என ஐந்தாம் ஆண்டு முடிவில் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். 5,40,000-ஐ 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் மாதத் தவணை சுமார் 5,290-தான். முதல் ஆண்டு வட்டி மாதத்துக்கு 830 ரூபாய் அளவே. கடையில் தினசரி சீட்டுக்குக் கட்டும் பணத்தைவிடக் குறைவு! படிக்கும்போதே வட்டி கட்டுபவர்களுக்கு 1 சதவீதம் வரை சலுகை தரவும் திட்டத்தில் இடமுண்டு. மாணவிகளுக்கு அரை சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உள்ளன.

குடும்ப ஆண்டு வருமானம் 4½ லட்சத்துக்குள் இருந்தால், விடுமுறைக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில் அனுமதி பெற்ற கல்லூரியா என்று பார்ப்பார்கள். இதற்கு வருமானச் சான்றிதழ் தேவை. ஓ.டி. வரம்பைக் கூட்டுவதற்காக வருமான வரிக் கணக்கில் 6 லட்சம் காட்டிவிட்டு, தாலுகா அலுவலகத்தில் 1 லட்சத்துக்குச் சான்று வாங்கினால், இரண்டும் ஒரே வங்கியின் ஒரே மேஜைக்கு வந்து சேரும் என்பதை மறக்க வேண்டாம். படிப்பை நடுவில் விட்டுவிட்டால் இந்த மானியம் கிடையாது. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு மட்டும். உங்கள் கல்லூரி பட்டியலில் உண்டா என்று பாருங்கள்.

வேலை கிடைத்ததும் பெண்ணுக்குத் திருமணம் பேசுவோம். கடனைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. திருமணமானதால் தந்தையின் கையெழுத்து தானாக நீங்கிவிடாது. பெண் வெளியூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்தாலும் வங்கியின் நோட்டீஸ் களக்காட்டுக் கடை முகவரிக்கே வரும். தவணையை அவள் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி முதல் சம்பளத்திலேயே எழுதிக் கொடுப்பது உத்தமம். கட்டும் வட்டிக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 8 ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு. கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கி, ஓ.டி. புதுப்பிக்கும் முன் சிபிலில் அந்தக் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.