ஒரு கிலோ தானியம் ஆறு கிலோ ஆகுமா? கோழி வளர்ப்போரே, கணக்கைப் பாருங்கள்!

சென்னை:
வீட்டில் நாலு கோழி வளர்க்கிறீர்களா? அப்படியானால் இந்தச் செய்தி உங்களுக்குத்தான்.

மாதவரம், ஆவடி, அம்பத்தூர், தாம்பரம் பக்கம் கொல்லைப்புறத்திலும் மொட்டை மாடியிலும் கோழி வளர்க்கிற வீடுகள் உண்டு. முட்டைக்காக வளர்ப்பவர்கள் சிலர். ஆசைக்கு வளர்ப்பவர்கள் சிலர். எல்லோருக்கும் தலைவலி ஒன்றுதான். அது தீனிச் செலவு!

கிராமத்துக் கோழிக்கு இந்தக் கவலை இல்லை. காலையில் கூடையைத் தூக்கினால் குப்பைமேட்டுக்கு ஓடும். புழு, பூச்சி, புல், சிந்திய நெல் எல்லாம் அதற்கு விருந்து. பட்டணத்துக் கோழிக்குக் குப்பைமேடு ஏது? சிமெண்டுத் தரையைக் கொத்தினால் அலகுதான் தேயும்!

இதனால்தான் "முளைத் தீனி" மேல் பலருக்கும் ஒரு கண்.

மண் வேண்டாம். நிலம் வேண்டாம். தானியத்தை ஊறவைத்துத் தட்டில் பரப்பித் தண்ணீர் தெளித்தால் போதும். ஏழெட்டு நாளில் தட்டு நிறையப் பச்சைப் பசேல் என்று பயிர் நிற்கும். ஒரு கிலோ மக்காச்சோளம் போட்டால் ஐந்து, ஆறு கிலோ எடுக்கலாம்!

கேட்கவே இனிக்கிறது அல்லவா? இதற்கென்றே தட்டு, அலமாரி, மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து விற்பனைக்கும் வந்துவிட்டது.

பணத்தை எடுத்து நீட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஐந்து கிலோ தண்ணீர்!

ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்தில் சுமார் 120 கிராம் ஈரம். மீதி 880 கிராமும் மாவு, புரதம், எண்ணெய், நார் என்று உடம்பில் ஒட்டுகிற சரக்கு.

அதையே முளைக்கவைத்து ஆறு கிலோவாக அறுக்கிறீர்கள். அதில் ஐந்து கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர்! தண்ணீரை நீக்கிவிட்டு நிறுத்தால் மிஞ்சுவது சுமார் 750 கிராம்தான்.

அப்படியானால் 130 கிராம் எங்கே போச்சு?

முளை தின்றுவிட்டது! விதைக்குள் இருக்கும் மாவை எரித்துத்தான் முளை வளர்கிறது. இலை விரிந்து, வெயில் குடித்து, சொந்தமாகச் சாப்பாடு தயாரிக்கிற வரைக்கும் முதலைத்தான் கரைக்கும். வியாபாரம் நடக்காத கடையில் கல்லாப்பணத்தை எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி!

எடை கூடியது உண்மை. சத்து கூடவில்லை. ஆறு மடங்கு தீனி கிடைக்கும் என்று நம்பிச் செலவு செய்தால் கையைச் சுடும்.

வயிறு ரொம்பும், முட்டை வராது!

இன்னொரு கணக்கு. முட்டையிடும் பண்ணைக் கோழி ஒன்று, நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை காய்ந்த தீனி தின்னும். அதை நிறுத்திவிட்டு 110 கிராம் பச்சை முளைப்பயிரைப் போட்டால் என்ன ஆகும்? அதன் உடம்புக்குப் போகிற சரக்கு 14 கிராம்கூட இராது!

கோழி பசியோடு திரியும். இளைக்கும். முட்டை குறையும். பிறகு நின்றே போகும்.

மாடு, ஆட்டுக்கு இப்படிப் பயிர் வளர்த்துப் போடுகிறார்களே என்று கேட்கலாம். மாடு அசைபோடுகிற ஜீவன். அதன் பெரிய வயிற்றில் வைக்கோலும் ஜீரணமாகும். கோழிக்கு அந்த வசதி இல்லை. பல்லும் கிடையாது. பொடிக்கல்லை விழுங்கி, அதை வைத்துத்தான் வயிற்றுக்குள் அரைக்கிறது. நீளமான நார்ப்புல்லைப் போட்டால் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். கோழி சாகவும் கூடும்.

வேண்டாமா, வேண்டுமா?

அப்படியானால் முளைத் தீனியே வேண்டாமா? வேண்டும்! சோறாக அல்ல, கீரையாக!

நமக்குச் சோறும் குழம்பும் வயிற்றுக்கு. கூட ஒரு கைப்பிடி கீரை உடம்புக்கு. கோழிக்கும் அப்படித்தான்.

தானியம் முளைவிடும்போது அதில் சில வைட்டமின்கள் கூடுகின்றன. விதைக்குள் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தில் ஒரு பகுதியும் கோழிக்குக் கிடைக்கிற மாதிரி இளகுகிறது. கூண்டிலேயே கிடக்கும் கோழிக்குக் கிளறவும் கொத்தவும் வேலை கிடைக்கிறது. சும்மா இருக்கும் கோழிதான் பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கும்!

அளவு? ஒரு கோழிக்கு நாளைக்கு 20 முதல் 30 கிராம் போதும். வழக்கமான தீனியைக் குறைக்க வேண்டாம். முதலில் தீனி, பிறகு முளை.

செய்வது எப்படி?

இதற்கு மோட்டார் வேண்டாம். அலமாரி வேண்டாம். அடியில் ஓட்டை போட்ட நாலு பிளாஸ்டிக் தட்டு, பழைய வேட்டித் துணி, ஒரு வாளி. அவ்வளவுதான்.

கம்பு, கோதுமை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் நன்றாக முளைக்கும். மக்காச்சோளமும் ஆகும். ஆனால் மணி பெரிது, குஞ்சுகளுக்கு ஆகாது. குருணையும் உடைத்த கோதுமையும் முளைக்காது. ஊறி அழுகும். "அண்ணாச்சி, முளைக்கட்டப் போறேன், உடையாத முழுத் தானியமா குடுங்க" என்று சொல்லியே வாங்குங்கள்.

நாலு கோழிக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் தானியம் போதும். மூன்று நாளில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு எடைக்கு வந்துவிடும்.

ராத்திரி: தானியத்தை அலசுங்கள். மிதக்கிற பதரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள்.

முதல் நாள் காலை: தண்ணீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் மூட்டை கட்டுங்கள். இரண்டு வேளை மூட்டையோடு அலசித் தொங்கவிடுங்கள்.

இரண்டாம் நாள்: தட்டில் அரை அங்குல உயரத்துக்குப் பரப்பி நிழலில் வையுங்கள். காலை, மதியம், மாலை தண்ணீர் ஊற்றி அலசுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. வடிகிற தண்ணீரை ரோஜாத் தொட்டிக்கு ஊற்றுங்கள்.

மூன்றாம் நாள்: முளை எட்டிப் பார்க்கும். கோழிக்கு இதுதான் சரியான பதம்! இந்தப் பதத்தில் சத்து அதிகம் கரைந்திருக்காது.

மஞ்சள் கரு நல்ல நிறமாக வேண்டும் என்பவர்கள் இன்னும் இரண்டு மூன்று நாள் வெளிச்சத்தில் வைத்துப் பச்சை ஏறவிடலாம். கருவுக்கு நிறம் கொடுப்பது அந்தப் பச்சையோடு கூட இருக்கும் மஞ்சள் சாயம்தான். ஆனால் கத்திரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கித்தான் போட வேண்டும்.

தினம் ராத்திரி ஒரு பங்கு ஊறப்போட்டால், தினம் காலையில் ஒரு தட்டு தயார். தட்டு காலியானதும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி உபயோகிக்க வேண்டும்.

உஷார்! உஷார்!

இந்த வேலையில் முதல் எதிரி பூஞ்சை.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. என்ன நோய் என்றே முதலில் புரியவில்லை. கடைசியில் பிடிபட்டது தீனி! பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சை கக்கிய விஷம்தான் கொன்றது. "அஃப்ளாடாக்சின்" என்று உலகமே பயப்படுகிற விஷம் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத் தானியத்தில் பூஞ்சை வர அதிக நேரம் ஆகாது. தட்டில் கறுப்பு, பச்சை, சாம்பல் நிறத்தில் திட்டு தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ தட்டு முழுவதையும் கொட்டிவிடுங்கள். "அய்யோ, காசு போச்சே" என்று மேலாகக் கிள்ளி எடுத்துவிட்டு மீதியைப் போடாதீர்கள். போனால் ஒரு பிடி கம்பு. போட்டால் கோழியே போகும்!

வேரில் பஞ்சு போல வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல. மெல்லிய வேர்த்தூவியும் அப்படித் தெரியும். தண்ணீர் ஊற்றினால் வேர்த்தூவி படிந்துவிடும், வாடையும் இருக்காது. சந்தேகம் வந்தால் கொட்டிவிடுவதே நல்லது.

கத்திரி வெயில் காலத்தில் மூன்றாம் நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோழி தின்று மிஞ்சியதைச் சாயங்காலம் வரை விட்டுவைக்காதீர்கள்.

இரண்டாவது எதிரி விதைக் கடை விதை. விதைப்பதற்கென்று விற்கிற மணியில் சிவப்பு, ரோஸ், பச்சை என்று சாயம் கலந்து பூஞ்சைக்கொல்லி மருந்து பூசியிருப்பார்கள். எவ்வளவு கழுவினாலும் அது கோழிக்கு ஆகாது.

மூன்றாவது எதிரி சோளம். மக்காச்சோளம் அல்ல, சாதாரணச் சோளம். அதன் மணியில் கெடுதல் இல்லை. முளைவிட்டால்தான் வினை! இளம் சோளப் பயிரில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு செத்த கதையைக் கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சோளத்தை முளைக்கட்டாமல் மணியாகவே போடுங்கள்.

பச்சையாக ராஜ்மாவும் சோயாவும் கோழிக்கு வேண்டவே வேண்டாம்.

மருந்து அல்ல!

முளைத் தீனி கொடுத்தால் நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூண்டோடு கோழிகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சலுக்கு எந்த முளையும் மருந்து அல்ல. தடுப்பூசி ஒன்றுதான் காப்பு. பக்கத்தில் இருக்கும் அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது.

முட்டை ஓட்டுக்கும் முளை உதவாது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதற்குக் கிளிஞ்சல் பொடியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும்.

வீட்டில் முருங்கை மரம் இருக்கிறதா? அப்படியானால் தட்டு, துணி வேலைகூட வேண்டாம். இரண்டு ஈர்க்கு உருவி, நறுக்கிப் போடுங்கள். கோழிக்கு அதைவிட நல்ல கீரை வேறு தேட வேண்டியதில்லை.

மரம் இல்லாத வீட்டுக்குத்தான் முளைத் தட்டு. நாலு கோழிக்கு நாலு தட்டு, தினம் ஒரு பிடி கம்பு. செலவு அதற்குள் நிற்கட்டும். ஆறு மடங்கு ஆசையில் மெஷின் வாங்கினால், நீங்கள் விலை கொடுத்து வாங்குவது குழாய்த் தண்ணீரைத்தான்!