உம்ராவுக்குப் புறப்படும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு



பேகம்பூரிலும் நத்தத்திலும் வத்தலக்குண்டிலும் உம்ராவுக்கு ஆள் புறப்படாத தெரு இன்று அரிதாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் சிறுகச் சேர்த்து, முதுமையில் ஒருமுறை ஹஜ்ஜுக்கு மட்டுமே சென்று வந்த குடும்பங்களில் இப்போது மருமகளும் பேரப்பிள்ளைகளுமாக உம்ரா நிறைவேற்றித் திரும்புகின்றனர். அல்ஹம்துலில்லாஹ்! புறப்படுவோர் தவாஃபின் சட்டங்களையும் துஆக்களையும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து செல்கின்றனர். ஆனால் அந்நகரில் எப்படி நடமாடுவது, கூட்டத்தில் தொலைந்துவிட்டால் யாரிடம் எதைக் காட்டுவது என்று கேட்போர் மிகச் சிலரே. சென்னையையே இரண்டொரு முறை மட்டும் கண்ட ஒரு மூதாட்டி, உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவியும் நகரில் தனித்து நிற்க நேர்ந்தால் என்ன ஆவார்? அவருக்காகவும், அவரை அனுப்பிவைக்கும் மக்களுக்காகவும் இதனை எழுதுகிறேன்.

முதலில் பெட்டியைக் கட்டுவோம். நம் வீட்டுப் பெண்மணிகள் அன்பு மிகுதியால் அரைத்த மசாலாவை டப்பாவில் அடைத்துத் தருவார்கள். திண்டுக்கல் மக்களுக்கு நாக்கு ருசி சற்று அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை! ஆனால் அந்த மசாலாவில் கசகசா இருந்தால் அது பெருந்துன்பத்தில் கொண்டுபோய் விடும். கசகசா அபினிச் செடியின் விதை. சவூதி அரேபியாவில் அது தடை செய்யப்பட்ட பொருள். நமக்குக் குருமாவுக்கான சாமான். அங்குள்ள சுங்க அதிகாரிக்கோ அது போதைப்பொருள் விவகாரம். குட்காவும் பான் பராக்கும் அறவே வேண்டாம். வலி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் சில அங்கே கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. டிராமடால், கோடீன் கலந்தவை அவ்வகையின. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உண்ணும் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு, கடை அட்டையிலிருந்து பிரிக்காமல், கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைச் சென்றடைவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே போட்டுக்கொண்டு சான்றிதழையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "என் மகன் அங்கே வேலை பார்க்கிறான், இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்று எவர் கேட்டாலும், அவர் உறவினரேயானாலும், உங்கள் கண்முன் பிரித்துக் காட்டாத பொட்டலத்தை வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்கும் நாடு அது. முகத் தாட்சண்யம் பார்க்கும் இடம் இதுவன்று.

பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டைப் போடலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். நம் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடே கிடைத்தது. அதன் உறுதியில் ஐயமில்லை. ஆயினும் விமான நிலையச் சோதனையில் திறக்க முடியாத பூட்டை உடைத்தே பார்ப்பார்கள். சிறு பூட்டே போதும். பெட்டிகள் ஒன்றுபோல இருப்பதால் கைப்பிடியில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள்.

இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு விமானத்தில் தவிப்போர் உண்டு. ஜித்தாவில் இறங்குமுன்னரே விமானம் மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். இஹ்ராமின்றிக் கடந்தால் தம் கொடுக்க நேரிடும். ஆதலால் அத்துணி கைப்பையில் இருக்கட்டும். நேரடி விமானமாயின் இங்கேயே உடுத்திக்கொள்ளலாம். வளைகுடா வழியாகச் செல்வோர் இடையில் இறங்கும் விமான நிலையத்தில் உடுத்தலாம். மீக்காத் நெருங்கும்போது அறிவிப்பார்கள். அப்போது நிய்யத் செய்து தல்பியாவைத் தொடங்குங்கள். மதீனாவுக்கு முதலில் செல்வோருக்கு இத்தொல்லை இல்லை. அங்கிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவார்கள். பெண்மணிகள் பயணத் தேதியைக் குறிக்கும்போதே மாதவிடாய் நாட்களைக் கணக்கிட்டுக்கொள்வது நலம். அந்நிலையிலும் இஹ்ராம் கட்டலாம். ஆனால் தூய்மையாகும் வரை தவாஃப் செய்ய இயலாது. ஐந்தே நாளில் திரும்பும் பயணச்சீட்டு வைத்திருப்பவர் அப்போது படும் மன வேதனை சொல்லி முடியாது.

இனி மக்கா. ஹரம் ஷரீஃபின் வாசல்கள் ஏராளம். முதன்முறை செல்வோரின் கண்ணுக்கு யாவும் ஒன்றே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. மன்னர் அப்துல் அஜீஸ் வாசல் 1, மன்னர் ஃபஹத் வாசல் 79. எந்த எண்ணுள்ள வாசலில் நுழைந்தீர்களோ அதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கிறேன்" என்பதில் பயனில்லை. 601 மீட்டர் உயரமுள்ள அக்கட்டடம் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அதன் அடியிலோ ஒரு சிற்றூரே அடங்கும். "இந்த எண் வாசலுக்கு வெளியே, தொழுகை முடிந்து அரைமணி கழித்து" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இஷா முடிந்து கூட்டம் வெளியேறும்போது கைபேசியில் கூப்பிட்டாலும் இரைச்சலில் காதில் விழுவதில்லை. விடுதியின் பெயரையும் முகவரியையும் அரபியில் அச்சிட்ட அட்டையை வாங்கி, குழுத் தலைவரின் தொலைபேசி எண்ணை அதன் பின்புறம் எழுதி, ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கவிடுங்கள். கைபேசி இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். அதன் மின்சாரம் தீர்ந்துபோகும். அங்கே சுவரிலுள்ள துளைகள் சதுர முனைகள் கொண்ட மூன்று முள் பிளக்குக்கானவை. நம் உருண்டை முள் அதில் நுழையாது. மாற்று பிளக் ஒன்றை இங்கேயே வாங்கிச் செல்லுங்கள்.

தவாஃப் தொடங்குமிடத்தை ஹஜருல் அஸ்வதுக்கு நேராக எரியும் பச்சை விளக்கு காட்டிக்கொடுக்கும். கீழே நெரிசலென்று மேல்தளத்துக்குச் சென்றால் சுற்றளவு பன்மடங்காகும். ஸஃயு ஏழு நடையும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் நடந்து பழகுங்கள். மலைக்கோட்டைப் படிகள் நமக்கு எதற்காக இருக்கின்றன? ஷாஃபிஈ மத்ஹபினருக்கு ஓர் ஐயம் எழும்: நெரிசலில் அந்நியப் பெண்ணின் தோல் பட்டால் உளூ முறியுமே, தவாஃபுக்கு உளூ வேண்டுமே என்று. இதில் ஹனஃபி மத்ஹபின் கருத்தைப் பின்பற்றிக்கொள்ள ஆலிம்கள் வழிகாட்டுவதுண்டு. புறப்படுமுன்னரே உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டால் ஒவ்வொரு சுற்றிலும் மனம் அலைபாயாது.

மொழியைப் பற்றி அரபி கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு சொல். நாம் கிதாபுகளில் ஓதிய அரபி கடைத்தெருவில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. "மாஉன்" என்று தண்ணீர் கேட்டால் புன்னகைப்பார்கள். அங்கே அது "மோயா". விலை கேட்க "கம்", இடம் கேட்க "வைன்" போதும். கடைக்காரர்களில் பலருக்கு உருதுவும் மலையாளமும் புரியும். அவசர உதவிக்கு மக்காவில் 911.

வெயிலுக்கு வருவோம். நம் சமவெளியின் சித்திரை வெயிலில் வளர்ந்தவர்கள்தாமே என்று அலட்சியம் கொள்ளாதீர்கள். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஹரமில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அவ்வாண்டு 1,301 பேர் உயிரிழந்ததாக சவூதி அரசு அறிவித்தது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்களில் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதியின்றிச் சென்றவர்கள். கூடாரமும் பேருந்தும் குளிர்ந்த இடமும் அனுமதி பெற்றோருக்கே ஏற்பாடு செய்யப்படுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். "விசிட் விசாவில் கூட்டிப்போய் ஹஜ்ஜும் முடித்துத் தருகிறேன்" என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால், அவர் எவ்வளவு தாடி வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதியின்றி ஹஜ் செய்ய முனைவோருக்கு 20,000 ரியால் வரை அபராதம் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லும் தனியார் நிறுவனம் ஒன்றிய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். உம்ராவானாலும் கொடுக்கும் பணத்துக்கு இரசீது, விடுதியின் பெயர், ஹரமிலிருந்து அதன் தூரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். வரைபடத்தில் அரைக் கிலோமீட்டராகத் தெரியும் தெரு, மலை நகரமாகிய மக்காவில் செங்குத்து ஏற்றமாக இருக்கக்கூடும்.

மதீனாவுக்குப் பேருந்திலும் செல்லலாம். 2018இல் தொடங்கிய ஹரமைன் விரைவு இரயிலிலும் செல்லலாம். ரவ்ளா ஷரீஃபில் தொழுவதற்கு நுஸுக் என்னும் கைபேசிச் செயலியில் முன்பதிவு வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் வேறு. சென்ற பின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் இடம் கிடைக்காமல் கண்ணீரோடு திரும்ப நேரிடும். வீட்டுப் பிள்ளைகள் இங்கிருக்கும்போதே அச்செயலியைப் பதிந்து, இயக்கும் முறையைத் தாய் தந்தையர்க்கு இரண்டு மூன்று முறை செய்து காட்டட்டும்.

திரும்பும்போது ஜம்ஜம் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துப் பெட்டிக்குள் திணிக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். விமான நிலையத்தில் விற்கும் ஐந்து லிட்டர் கேனே முறையானது. அதனை ஏற்றிக்கொள்வார்களா, கட்டணம் உண்டா என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.