இட்டலிக்குள் ஒளிந்திருக்கும் லைசின்

காலையில் உங்கள் தட்டில் இரண்டு இட்டலிகள் வைக்கப்படுகின்றன. மாவுக்கு என்னென்ன போட்டீர்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து" என்பார்கள். உளுந்து எதற்கு என்று கேட்டால், "உளுந்து இல்லாவிட்டால் இட்டலி கல்லாகிவிடுமே!" என்று பதில் வரும்.

அது சரியான பதில்தான். ஆனால் உளுந்து மற்றொரு வேலையையும் செய்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. லைசின் என்னும் அமினோ அமிலத்தை இட்டலிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதே அந்த வேலை. அதைப் பற்றி இங்கே பார்ப்போம்.

கதம்பம் கட்டும் கணக்கு

நமது தசை, தோல், இரத்தம், நொதிகள் ஆகிய அனைத்திலும் புரதங்கள் உள்ளன. புரதம் ஒவ்வொன்றும் அமினோ அமிலங்களால் தொடுக்கப்பட்ட ஒரு சரம். 20 வகை அமினோ அமிலங்களே மாறிமாறிக் கோக்கப்பட்டு ஆயிரக்கணக்கான புரதங்களாகின்றன.

பூக்கடையில் கதம்பம் கட்டுபவரைக் கவனித்திருப்பீர்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று ஒரு வரிசை வைத்துக்கொண்டு தொடுப்பார். மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால், கூடை நிறைய மல்லிகை இருந்தும் அந்தக் கதம்பம் நின்றுவிடும். புரதம் கட்டும் வேலையும் இப்படிப்பட்டதே. எந்த அமினோ அமிலம் குறைகிறதோ, அதன் அளவோடு வேலை நின்றுவிடுகிறது. எஞ்சியவற்றை உடல் சேமித்து வைப்பதில்லை. அவற்றை எரித்துச் சக்தியாகப் பயன்படுத்திக்கொண்டு, நைட்ரஜன் பகுதியை யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது.

இருபதில் 11 வகைகளை உடலே செய்துகொள்ளும். மற்ற 9 வகைகளும் உணவின் வழியாகவே வரவேண்டும். இவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்கிறோம். லைசின் அவற்றுள் ஒன்று.

வளராத எலிகள்

1889-ஆம் ஆண்டில் எட்மண்ட் டிரெக்செல் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர், பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்திலிருந்து லைசினைப் பிரித்தெடுத்தார். ஆனால் அதன் அருமை கால் நூற்றாண்டுக்குப் பின்னரே தெரிந்தது.

அமெரிக்காவில் நியூஹேவன் நகரில் தாமஸ் ஆஸ்பர்ன், லஃபாயெட் மெண்டல் என்னும் இரு அறிஞர்கள் இளம் எலிகளை வைத்து ஆய்வு நடத்தினர். மாவுப்பொருள், கொழுப்பு, உப்புகள் எல்லாவற்றையும் கொடுத்தனர். ஆனால் புரதமாகக் கோதுமையிலுள்ள கிளையடினை மட்டுமே கொடுத்தனர். எலிகள் சாகவில்லை, வளரவும் இல்லை! உணவில் சிறிது லைசினைச் சேர்த்ததும் அவை வளரத் தொடங்கின. 1914-இல் வெளியான இந்த ஆய்வு ஓர் உண்மையை நிலைநாட்டியது. எவ்வளவு புரதம் உண்கிறோம் என்பது மட்டும் போதாது. அது எப்படிப்பட்ட புரதம் என்பதும் முக்கியம்.

உடலில் லைசின் செய்வது என்ன?

பெரும்பாலான புரதங்களில் இடம்பெறுவதோடு லைசினுக்குச் சில தனிப் பணிகளும் உண்டு. எலும்புக்கும் தோலுக்கும் தசைநாண்களுக்கும் உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குக் கட்டுகள் லைசினிலிருந்தே உருவாகின்றன. கொழுப்பு அமிலங்களை உயிரணுவினுள் எரியும் இடத்துக்குச் சுமந்து செல்லும் கார்னிட்டின் என்ற பொருளையும் உடல் லைசினிலிருந்து தயாரிக்கிறது.

வைட்டமின் 'சி' குறைந்தால் ஈறுகளில் இரத்தம் கசிந்து நம்மை எச்சரிக்கும். லைசின் குறைவுக்கு அப்படித் தனி அடையாளம் எதுவுமில்லை. குழந்தையின் வளர்ச்சி மெல்லத் தளர்கிறது, அவ்வளவே. அதனால்தான் பல வீடுகளில் இக்குறை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

இட்டலியின் கணக்கு

இனி உங்கள் தட்டுக்கு வருவோம். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அதன் ஒவ்வொரு கிராமிலும் சுமார் 36 மில்லிகிராம் லைசின் இருக்கிறது. ஆகமொத்தம் 250 மில்லிகிராம். அதனுடன் சேரும் 25 கிராம் உளுந்திலோ சுமார் 6 கிராம் புரதமும், 400 மில்லிகிராம் லைசினும் உள்ளன. எடையில் அரிசியின் கால் பங்கே உள்ள உளுந்து, அரிசியைவிட அதிகமான லைசினைத் தருகிறது!

வளர்ந்தவர்களின் உணவில் ஒரு கிராம் புரதத்துக்கு 45 மில்லிகிராம் லைசின் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2007-இல் கணித்தது. அரிசி மட்டுமானால் 36தான். உளுந்து சேர்ந்த மாவிலோ இது 50 ஆகிறது.

பருப்பிலும் ஒரு குறை உண்டு. கந்தகம் அடங்கிய மெதியோனின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. அரிசியில் அது தாராளம். ஆகவே ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பொங்கலும் பருப்புச் சாதமும் அடையும் இப்படிப்பட்ட கூட்டணிகளே. நம் முன்னோருக்கு லைசின் தெரியாது. ஆயினும் சுவையைத் தேடியவர்கள் சத்தையும் கண்டடைந்தார்கள்.

சோறு மட்டும் போதுமா?

20 கிலோ எடையுள்ள ஓர் ஆறு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு 700 மில்லிகிராம் லைசின் தேவை. 200 கிராம் அரிசிச் சோறு முழுவதையும் அது உண்டாலும் 500 மில்லிகிராம்தான் கிடைக்கும். இன்னும் 100 கிராம் அரிசியைக் கூட்டினால் கணக்கு நேராகலாம். ஆனால் குழந்தையின் வயிறு கொள்ளாது. மாறாக, 30 கிராம் பருப்பைச் சேர்த்தால் 460 மில்லிகிராம் கூடுதலாகக் கிடைத்துவிடும். தமிழகத்தில் 1982-இல் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் சோற்றோடு பருப்பும் இடம்பெற்றதன் பயன் இப்போது உங்களுக்கு விளங்கும்.

இங்கே ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். "பருப்பின் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும்" என்று நம்பிச் சில வீடுகளில் தெளிந்த பருப்புத் தண்ணீரை மட்டும் குழந்தைக்கு ஊட்டுகிறார்கள். அடியில் தங்கும் பருப்பு பெரியவர்களின் சாம்பாருக்குப் போகிறது. உண்மையில் புரதத்தின் பெரும்பகுதி அந்தப் பருப்பிலேயே இருக்கிறது. அதை நன்றாகக் குழைத்து மசித்துக் கொடுப்பதே முறை. விலை ஏறும் காலத்தில் சாம்பாரை நீர்க்க வைக்க நேர்ந்தாலும், குழந்தையின் பங்குப் பருப்பை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

மேலும் சில குறிப்புகள்

சோறும் பருப்பும் ஒரே கவளத்தில் சேர வேண்டும் என்பதில்லை. ஒரே நாளில் உண்டால் போதும்; மதியம் சோறும் மாலையில் சுண்டலும் ஆகலாம். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலும் லைசின் நிறைய உண்டு.

கடும் வெப்பத்தில் லைசின் சர்க்கரையுடன் இணைந்து பழுப்பு நிறப் பொருள்களாக மாறும். இவ்வினையை 1912-இல் விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர். பிஸ்கோத்தின் நிறமும் மணமும் பெரும்பாலும் இதனால் வருபவையே. அப்படி மாறிய லைசின் உடலுக்குப் பயன்படுவதில்லை. ஆவியில் வேகும் இட்டலியில் இந்த இழப்பு மிகக் குறைவு.

லைசின் மாத்திரைகளாகவும் விற்கப்படுகிறது. சோறும் பருப்பும் முறையாக உண்ணும் ஆரோக்கியமானவருக்கு அவை தேவையில்லை. மாத்திரைக்குச் செலவிடும் காசில் கால் கிலோ பாசிப்பருப்பு வாங்கினால், வீட்டிலுள்ள அனைவருக்கும் பயன்படும் அன்றோ?