மட்டக்களப்புக் கூத்தும் உலகப் பட்டியலும்

கலைகளை எவ்வாறு காப்பது என்னும் வினா இன்று பன்னாட்டு மன்றங்களில் ஆராயப்படுகின்றது. யுனெஸ்கோ 2003ஆம் ஆண்டில் நிறைவேற்றிய உடன்படிக்கை, கோயிலும் சிலையும் போலக் கையால் தொட்டறிய இயலாத ஆடல், பாடல், சடங்கு என்பவற்றையும் மானிட குலத்தின் முதுசொம் எனக் கொண்டது. கேரளத்துக் கூடியாட்டமும் சப்பானியரின் நோ நாடகமும் 2008இல் அதன் பட்டியலில் இடம்பெற்றன. இலங்கையின் பாவைக்கூத்தாகிய ரூகட நாட்டியம் 2018இல் அவற்றோடு சேர்ந்தது.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட பெரியகல்லாற்றிலிருந்து நோக்குங்கால், இச்செய்தி நமக்கு அயலானதன்று. சிங்கள மக்களின் 'நாடகம்' என்னும் பாட்டுக்கூத்து அருகிய காலத்தில், அதனைப் பின்பற்றியே ரூகட நாட்டியம் தோன்றிற்று என்பர். அந்நாடகமோ தமிழ்க்கூத்தின் சாயல் பெற்றது என்பது அறிஞர் துணிபு. அதனை அடியாகக் கொண்டே பேராசிரியர் சரச்சந்திர 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினை ஆராய்ந்து, 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. கிராமியம் என ஒதுக்கப்பட்ட கலையைக் கற்றோர் மதிக்கலாயினர். ஆயினும் ஓர் இழப்பும் உண்டு. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க, வட்டக்களரியில் விடியும்வரை ஆடிய கூத்து, ஒருபுறம் மட்டும் நோக்கும் மேடைக்குச் சுருங்கியது. மேடைக்கூத்து கண்டோர் களரிக்கூத்தினை அறிந்தோராகார்.

கூத்தென்பது அரங்கேற்ற இரவு மாத்திரமன்று. அண்ணாவியார் பாத்திரமறிந்து சட்டங் கொடுத்தல், பல மாதம் ஆட்டமும் பாட்டும் பழக்கல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், பின்னர் வீட்டுக்கு வீடு ஆடுதல் என அது படிப்படியாக நிகழ்வது. உழவரும் மீனவரும் ஒரு பருவம் முழுவதும் கூடியிருந்து கற்கும் கல்வி அது. வடமோடியின் போர்க்கதையும் தென்மோடியின் நீண்ட இசையும் இவ்வாறே தலைமுறை கடந்தன. ஒரு தலைமுறை பழகாது விடின் சங்கிலி அறும். கொப்பியில் எஞ்சும் பாட்டு, தாளக்கட்டினையும் மிதியினையும் உணர்த்தாது. ஒளிப்பதிவு ஆடியதைக் காட்டும். ஆடுவோன் பிழையைத் திருத்தாது.

அவ்வுடன்படிக்கையும் இதனை மறுக்கவில்லை. மரபுக்கு உரிய சமூகமே அதனைத் தன் முதுசொமென ஏற்று, வழிவழி கையளித்து, புத்துயிரூட்டல் வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆகவே, பட்டியலில் பெயர் வருதல் சிறப்பாயினும், காவல் நம்முடையதே.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926இல் 'மதங்க சூளாமணி'யைத் தந்தார். உலகக் கலையைக் கற்றல் சொந்தக் கலையை மறத்தலாகாது என்பதற்கு அவரே சான்று. நம் மாணவர் விடுமுறையில் ஊர் அண்ணாவியார்பால் ஒரு தாளக்கட்டேனும் பயில்வாராக. அவர் இருக்கும்போதே அது கைகூடும்.